காற்றுக்கு ஒரு கணக்கு, மலைக்கு ஒரு கணக்கு

திருச்சியில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு மலையெல்லாம் காற்றுதான். காவிரியை ஒட்டிக் கல்லணைக்குப் போகும் சாலையில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் ஆடி பிறந்துவிட்டால், காலையில் சுகமாகக் கல்லணை வரை போய்விட்டுத் திரும்புகிறவர்களை மேற்குக் காற்று மடக்கிப் பிடிக்கும். போகும்போது முப்பதில் ஓடிய சைக்கிள் வரும்போது பதினைந்துக்கே திணறும். அப்படியொரு காற்றில்தான் நாங்கள் நான்கு பேரும் பழக்கமானோம்.

எதிர்காற்றில் தனியாகப் போராடுவதைவிட ஒருவர் பின் ஒருவராகப் போவது மேல் என்பது கொஞ்ச நாளில் எல்லோருக்கும் புரிந்துவிடும். முன்னால் இருப்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போக, அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் குறையும். சில நிமிடம் கழித்து முன்னவர் ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வருவார். அடுத்தவர் காற்றை வாங்கிக்கொள்வார். பெயர்கூடத் தெரியாத ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இப்படிப் பத்து கிலோமீட்டர் வந்த பிறகு, திருவானைக்காவல் டீக்கடையில் அவரோடு பேசாமல் இருக்க முடியாது.

எங்களில் மூத்தவர் அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர். எங்களுக்கு அவர் 'சார்'. அடுத்தவர் உறையூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத ஆள். எதிர்காற்றில் அவர் முதுகுக்குப் பின்னால் இடம் கிடைப்பது பாக்கியம். மூன்றாவது, வங்கியில் வேலை பார்க்கும் தங்கச்சி. ஒல்லியான உடம்பு, பிடிவாதமான கால்கள். கோவையிலிருந்து நீலகிரிக்கு ஏறி இறங்கும் 200 கிலோமீட்டர் பிரெவே ஒன்று தை மாதத்தில் நடக்கப்போகிறது என்று முதலில் சொன்னது அவள்தான். முதலில் கேட்டதும் அவள்தான்: "அண்ணா, நம்ம வரிசை வித்தை மலையில செல்லுமா?"

பிரெவே பந்தயம் இல்லை. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று கெடு வைத்திருக்கிறார்கள். வழியில் சில இடங்களில் 'கன்ட்ரோல்' இருக்கும். அங்கே அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். தாமதமாகப் போனால் கன்ட்ரோல் மூடியிருக்கும், மிக வேகமாகப் போனால் இன்னும் திறந்தே இருக்காது. பஞ்சர் ஆனால் நாமே ஒட்ட வேண்டும், பசித்தால் வழியிலுள்ள கடையில் நாமே வாங்கிச் சாப்பிட வேண்டும். பின்னாலேயே துணைக்குக் கார் வரக் கூடாது. முடிவில் முதலாவது, இரண்டாவது என்ற வரிசை கிடையாது. கெடுவுக்குள் வந்த எல்லோருக்கும் ஒரே மரியாதை.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பிரிவின் கதை இருக்கிறது. சூரியன் உதித்து மறைவதற்குள் 200 கிலோமீட்டர் மிதிக்கும் 'ஆடாக்ஸ்' சவாரி 1897-ல் இத்தாலியில் தொடங்கியது. 1904-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை உருவாக்கிய ஆன்ரி தெகிராஞ்ச் அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அதில் எல்லோரும் ஒரே கூட்டமாகப் போக வேண்டும். தலைவர் ஒருவர் வேகத்தைக் கட்டுப்படுத்துவார், அவரை யாரும் முந்தக் கூடாது. 1921-ல் பாரிஸ் ஆடாக்ஸ் கிளப் வேறு முடிவுக்கு வந்தது. தூரமும் கெடுவும் எல்லோருக்கும் பொது, வேகம் மட்டும் அவரவருடையது. இன்று உலகமெங்கும் நடக்கும் பிரெவேக்கள் அந்த 1921 வழியில் வந்தவை. கூட்டமாகப் போகும் பழைய முறையும் பிரான்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சேர்ந்து போவதா, அவரவர் வேகத்தில் போவதா என்று அங்கே இரண்டாகப் பிரிந்த கேள்விக்கு எங்கள் நால்வருக்கும் ஒரே நாளில் இரண்டு பதில்கள் தேவைப்பட்டன.

திருச்சிக்காரர்கள் ஏற்றம் பழகத் துறையூரைத் தாண்டிப் பச்சைமலைக்குத்தான் போக வேண்டும். சோபனபுரத்திலிருந்து டாப்செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே ஏறிப் பார்த்தோம். தங்கச்சியின் வேகத்துக்குப் போன அண்ணனுக்கு மூன்றாவது வளைவிலேயே மூச்சு முட்டியது. அண்ணனுக்காக வேகத்தைக் குறைத்த தங்கச்சிக்கு முழங்கால் வலித்தது. மலையில் அடுத்தவர் வேகம் யாருக்கும் ஒத்துவரவில்லை.

மேலே ஒரு மரத்தடியில் சார் காரணத்தைச் சொன்னார். "காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். இருபத்தஞ்சுல போறப்ப நாம பெரும்பாலும் காத்தோடதான் சண்டை போடுறோம். எட்டுல ஏறுறப்ப காத்து ஒரு பொருட்டே இல்ல. அங்க நாம தூக்குறது நம்ம எடையை. ஒருத்தர் எடையை இன்னொருத்தர் தூக்க முடியாது." பிரெவே பாதையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை 33 கிலோமீட்டர் சாலை. அதற்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயர வேண்டும். நூறு மீட்டர் முன்னால் போனால் நாலரை மீட்டர் மேலே போகிறோம் என்று நோட்டில் எழுதிக் காட்டினார். அண்ணனும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 105 கிலோ. தங்கச்சி எல்லாம் சேர்த்து 66. சாலை ஒன்றுதான், ஆளுக்கு ஆள் சுமை வேறு.

அன்றைக்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். சமவெளியில் வரிசை. ஏற்றத்தில் அவரவர் வேகம். காத்திருப்பது கன்ட்ரோலில் மட்டும். கெடு நெருங்கிவிட்டால் யாருக்காகவும் யாரும் காத்திருக்கக் கூடாது. இறக்கத்தில் யாரும் யாரையும் துரத்தக் கூடாது. கடைசி நிபந்தனை அண்ணன் சொன்னது: "பின்னாடி வர்றவனைப் பாத்துப் பரிதாபப்படக் கூடாது."

அண்ணன் பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியை மாற்றி, பெரிய பல்சக்கரத்தில் 34 பற்கள் வருமாறு செய்துகொண்டார். பெரிய பல்சக்கரத்தில் சங்கிலி விழுந்தால் கால் லேசாகச் சுற்றும், ஆனால் சைக்கிள் மெதுவாகத்தான் நகரும். கியர் போட்டு ஏறுவது வீரமில்லை என்ற எண்ணம் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. டூர் டி பிரான்ஸில் சங்கிலியைத் தாவவைக்கும் கியரை 1937 வரை அனுமதிக்கவே இல்லை. எனக்கு அந்த வீரத்தில் மரியாதை கிடையாது. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வியாபாரம் பார்க்கும் மனிதர் ஒருவர் தொட்டபெட்டா வரை ஏறிப் போக முடிகிறதென்றால் அது அந்தப் பற்களின் புண்ணியம்.

பிரெவேக்கு முதல் நாள் வேனில் கிளம்பினோம். முன்சக்கரங்களைக் கழற்றி, கியர் இருக்கும் பக்கம் ஒன்றோடொன்று உரசாமல் நடுவே பழைய போர்வைகளை மடித்துவைத்து, நான்கு சைக்கிளையும் பின்பக்கம் கட்டினோம். குளித்தலை வரை ஒரு பக்கம் காவிரி கூடவே வந்தது. கரூர் தாண்டியதும் நிலம் வறண்டு, காங்கேயம் பக்கம் பனைமரமும் கிளுவை வேலியுமாக மாறியது. தங்கச்சியின் அம்மா கொடுத்துவிட்ட எள்ளுருண்டை டப்பா பல்லடம் வருவதற்குள் பாதி காலி. மீதியை மலைக்கென்று சார் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

கோவையில் சத்தி ரோட்டில் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. ஹெல்மெட், ஒளிரும் மேலாடை, முன் விளக்கு, பின் விளக்கு எல்லாவற்றையும் சரிபார்த்து அட்டையைக் கையில் கொடுத்தார்கள். சரவணம்பட்டி, கோவில்பாளையம் தாண்டி அன்னூர் வரை கிழக்குக் காற்று எதிரே வந்தது. எங்களுக்கு அது சொந்த ஊர்க் காற்று. அண்ணன் முன்னால் போனார். முதல் பதினைந்து கிலோமீட்டர் யாரையும் முன்னால் வரவிடவில்லை. "மேல உங்களால எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது. இங்க என்னால முடியும். பின்னாடியே வாங்க" என்றார். அன்னூரில் மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பியதும் காற்று முதுகுப்பக்கம் வந்தது. எதிரே நீலகிரி முழுசாகத் தெரிந்தது, மேலே மூன்றில் ஒரு பங்கு மேகத்துக்குள்.

பவானியைக் கடந்த பிறகு ஊட்டி சாலையை விட்டுக் கோத்தகிரி சாலையில் ஏறினோம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறியதும் கோத்தகிரிப் பக்கமாகத்தான். கோடை சீசனில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, இறங்கும் வண்டிகளை இந்தச் சாலைக்குத் திருப்பிவிடுவார்கள். தையில் அந்தத் தொல்லை இல்லை. முதல் வளைவில் சார் கையைத் தூக்கினார். வரிசை கலைந்தது. தங்கச்சி எங்களைத் தாண்டிப் போனாள். நான் இரண்டாவது. சாரும் அண்ணனும் கீழே தங்கினார்கள்.

ஏற்றத்தில் முதல் அரை மணி நேரம் மனசு நிலைகொள்ளாது. இன்னும் முப்பது கிலோமீட்டர் இப்படியேவா என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு மூச்சுக்கு ஒரு தாளம் அமைகிறது, கால் அதைப் பிடித்துக்கொள்கிறது, கணக்கு தானாக ஓய்கிறது. குஞ்சப்பனை வரை இருபக்கமும் காடு. பலா பழுக்கும் காலத்தில் யானைகள் இறங்கிவரும் இடம் அது. கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள் என் முதுகுப் பையில் இருந்த வாழைப்பழத்தை மட்டும் பார்த்தன. கீழிருந்து ஏறும் அரசுப் பேருந்து வளைவுக்கு முன்னாலேயே ஹாரன் அடித்து, எனக்கு இடம்விட்டுத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டி கையை ஆட்டி "மெதுவா போ சாமி" என்றது காதில் விழுந்தது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது மேலே தங்கச்சியின் மஞ்சள் சட்டை தெரிந்தது. கீழே பார்த்தால் அண்ணனின் சிவப்புச் சட்டை. "அண்ணே!" என்று கத்தினேன். "போ போ!" என்று பதில் வந்தது. சாலைக் கணக்கில் எங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் மலைச்சாலை தன்மேலேயே மடிந்து மடிந்து ஏறுவதால் குரல் எட்டும் தூரத்தில் இருந்தோம். அவருக்கு நான் ஒரு துளி உழைப்பைக்கூடக் குறைத்துக் கொடுக்க முடியாது. அவர் அங்கே ஏறிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. அந்த ஒன்று எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் வேகத்தைக் காட்டும் மீட்டரைப் பார்க்கவில்லை.

காடு முடிந்து சில்வர் ஓக் மரங்களும் தேயிலையும் தொடங்கின. அரவேனு தாண்டிக் கோத்தகிரிக்குள் நுழைந்தபோது கன்ட்ரோல் வாசலில் தங்கச்சி அட்டையோடு நின்றாள். கோவையிலிருந்து 85 கிலோமீட்டர். மூடும் நேரம் 11.40. என் அட்டையில் முத்திரை விழுந்த பிறகு எங்கள் இருவருக்கும் டீ இறங்கவில்லை. "திரும்பிப் போய்ப் பாக்கட்டுமா அண்ணா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஒப்பந்தம் அதற்காகத்தானே. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்தாள். சும்மா நிற்பது அவளுக்கு ஏற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பதினொன்று இருபதுக்கு சார் வந்தார். அவருக்குப் பத்து நிமிடம் பின்னால் அண்ணன். அரவேனுக்குக் கீழே அண்ணனுக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டதாம். சாலையோரக் கடையில் ஒரு அக்கா வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். காசு கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை. சார் அந்த வழியாக வந்தவர், நின்று, "என்ன வேணும்?" என்று கேட்டு, உப்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார்.

அதைச் சொல்லும்போது சாருக்குக் கொஞ்சம் தயக்கம். அண்ணன் அவர் தோளில் கைவைத்தார். "நீங்க கூட நின்னிருந்தா எனக்குப் பதட்டந்தான் கூடியிருக்கும் சார். உங்க நேரமும் போகுதேன்னு அவசரமா எந்திரிச்சு, திரும்ப விழுந்திருப்பேன். நீங்க போனதாலதான் என் நேரம் என்கிட்ட இருந்துச்சு." உதவி என்றால் கூடவே இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவரை அவருடைய நேரத்தோடு விட்டுவிட்டுப் போவதும் உதவிதான், அதுவும் கேட்டு, கொடுத்துவிட்டுப் போவது, என்று அந்தக் கன்ட்ரோல் வாசலில் புரிந்தது.

கட்டபெட்டு வழியாக ஊட்டிக்குப் போகும் சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இருபுறமும் கேரட்டும் முட்டைக்கோசும் படிகட்டிய வயல்கள். தேயிலைத் தோட்டம் ஒன்றில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தொட்டபெட்டா பிரிவுதான் எங்கள் பாதையின் உச்சி, மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல். காற்றில் யூகலிப்டஸ் வாசம். உச்சி வெயிலிலும் விரல் விறைத்தது. ஊட்டியில் ஒரு கடையில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டோம். மொறுமொறுவென்று உதிரும் அந்த வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படி ஒரு பசியில் அது கிடைத்தபோது எந்தக் குறியீடும் தேவைப்படவில்லை. கடைக்காரரிடம் பழைய பேப்பர் கேட்டு வாங்கி, ஆளுக்கு இரண்டு தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டோம். இறக்கத்தில் நெஞ்சில் அடிக்கும் குளிரைத் தடுக்கச் சைக்கிள்காரர்கள் நெடுநாளாகச் செய்வது. இதைவிடக் கனமில்லாத ஸ்வெட்டர் கிடையாது.

லவ்டேல், கேத்தி, அரவங்காடு வழியாகக் குன்னூர். அங்கே இரண்டாவது கன்ட்ரோல். 2.52-க்கு மூடும். நான்கு பேரும் கெடுவுக்குள் முத்திரை வாங்கினோம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் சூடேறிவிடும் என்பதால் வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு, மறுபடி அழுத்தி என்று இறங்கினோம். முன்னவருக்கும் பின்னவருக்கும் ஐம்பது மீட்டர் இடைவெளி. காட்டேரி, பர்லியார் பக்கம் மரங்களுக்கு நடுவே அவ்வப்போது ரயில் பாதை எட்டிப்பார்த்தது. அதில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். அந்தச் சரிவில் இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. அந்தப் பகுதியில் ரயிலின் அதிகபட்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். காலையில் நாங்கள் ஏறிய வேகமும் கிட்டத்தட்ட அதுதான் என்று கல்லாறில் சார் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் மறுபடி சேர்ந்தோம். கோவைக்கு இன்னும் 36 கிலோமீட்டர். காரமடைப் பக்கம் கிழக்குக் காற்று இடப்புறமிருந்து வந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே வரிசை அமைந்தது. இம்முறை அண்ணனைக் கடைசியில் வைத்தோம். தங்கச்சி முன்னால் போனாள், பிறகு நான், பிறகு சார், மறுபடி தங்கச்சி. காலையில் அவர் எங்களுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மலையில் வழியில்லாமல் இருந்தது. இங்கே இருந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் விளக்குகளைப் போட்டோம். ஏழு மணிக்கு முன்னால் நான்கு அட்டைகளும் மேசைமேல் இருந்தன.

நண்பர்களோடு மலைப் பிரெவேக்குப் போக நினைப்பவர்கள் சைக்கிளைச் சரிபார்ப்பதற்கு முன்னால் இப்படி உட்கார்ந்து பேசிவிடுங்கள். எங்கே சேர்ந்து போவது, எங்கே பிரிவது, எங்கே காத்திருப்பது, எப்போது காத்திருக்கக் கூடாது. பேசாமல் போனால் வேகமாகப் போகிறவர் குற்ற உணர்ச்சியோடும் மெதுவாக வருகிறவர் அவமானத்தோடும் ஏற வேண்டியிருக்கும். அந்த இரண்டும் இல்லாமல் ஏறிய ஒரு பகல் எங்களுக்குக் கிடைத்தது. நட்பு என்றால் எப்போதும் ஒட்டியே இருப்பது என்று நினைப்பவர்களுக்கு இது விட்டேற்றியாகத் தோன்றலாம். தன் எடையைத் தானே தூக்க வேண்டிய இடங்கள் வாழ்க்கையில் வரத்தான் செய்கின்றன. நோய், துக்கம், பரீட்சை, முதுமை. அங்கே நமக்குத் தேவைப்படுபவர் கேட்டு, கையிலிருப்பதைக் கொடுத்து, மேலே போய்க் காத்திருப்பவர். காற்று வீசும் இடத்தில் மட்டும் அவர் முன்னால் வந்தால் போதும்.

அடுத்து நாங்கள் கொல்லிமலை போகிறோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அண்ணன் இப்போதே இரண்டு கிலோ குறைத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை.